தக்காளி சாஸ்: கெடாமல் செய்வது எப்படி?



2023ஆம் வருடம் மாசி மாதம், தக்காளி விலை விழுந்து கிடந்த நேரம். பறிகூலிக்குக்கூட கட்டாது என்று செடியிலேயே விட்டிருந்த பழங்களைக் கேட்டு வாங்கி வந்து, நம் குழு ஒன்றில் சாஸ் போட்டார்கள். உள்கடன் எடுத்துச் செய்த வேலை. மொத்தம் 40 பாட்டில். பக்கத்து ஊர்க் கடைகளில் வைத்தார்கள். பத்தாவது நாள் கடைக்காரரிடமிருந்து போன்: "அக்கா, மூடியெல்லாம் டப்பு டப்புனு தெறிக்குது, வந்து எடுத்துட்டுப் போயிருங்க."

நாற்பதும் எருக்குழிக்குத்தான் போனது. "பழம் நல்லாத்தானே மேடம் இருந்துச்சு, எங்க தப்பு நடந்துச்சு?" என்று கேட்டார்கள். உட்கார்ந்து பேசிப் பார்த்ததில் மூன்று தப்பு தெரிந்தது. இன்னும் வற்றினால் அளவு குறைந்துவிடும் என்று பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். கழுவிய பாட்டிலை ஈரத்தோடு எடுத்தார்கள். சாஸை நன்றாக ஆறவைத்து நிரப்பினார்கள். நானும் அன்று கூட இருந்து பார்க்கவில்லை, அது என் தப்பு.

சாஸ் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதன் கெட்டித்தன்மையும் புளிப்பும் சுத்தமும்தான். தண்ணீர் அதிகம் இருந்தால் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதில் வளரும். சர்க்கரையைத் தின்று காற்றை விடும். அந்தக் காற்றுதான் மூடியைத் தள்ளுகிறது. இட்லி மாவு பொங்குவது மாதிரிதான் இதுவும். மாவில் நமக்கு வேண்டும், பாட்டிலில் வேண்டாம்.

இப்போது செய்முறைக்கு வருவோம். நன்றாகச் சிவந்து பழுத்த பழமாக எடுங்கள். பச்சை ஓரம் இருந்தால் சாஸ் பழுப்பாகிவிடும். அழுகலை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதீர்கள், முழுப் பழத்தையும் தள்ளிவிடுங்கள். நீளமான பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், சீக்கிரம் வற்றும். நாட்டுத் தக்காளியில் புளிப்பு அதிகம். இரண்டையும் கலந்து போட்டால் எனக்குத் தெரிந்து ருசி நன்றாக வருகிறது.

கழுவி நறுக்கி, தண்ணீர் விடாமல் வேகவைத்து, மசித்து, தோலும் விதையும் போகும்படி சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். இந்தச் சாறு 1 கிலோவுக்கு சர்க்கரை 75 கிராம், உப்பு 10 கிராம், வினிகர் 25 மில்லி, மிளகாய்த்தூள் 5 கிராம். பொடியாக நறுக்கிய வெங்காயம் 50 கிராம், இஞ்சி 10 கிராம், பூண்டு 5 கிராம். மிளகு, சீரகம், பட்டை, ஏலக்காய் தலா 1 கிராம் அளவில், கிராம்பு 5. வெங்காயம், இஞ்சி, பூண்டு, மசாலா எல்லாவற்றையும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிந்து சாறில் போடுங்கள்.

கிராம்பின் உருண்டைத் தலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் போடச் சொல்வார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. சில பாட்டில்களில் கழுத்துப் பக்கம் கறுப்பு வளையம் விழும், பார்த்திருப்பீர்கள். மசாலாவில் இருக்கிற துவர்ப்பும் இரும்புச் சத்தும் காற்றும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். கிராம்பின் தலையில் துவர்ப்பு அதிகம். அதனால்தான் இரும்புச் சட்டியிலும் காய்ச்சக் கூடாது. செம்பு, பித்தளை, அலுமினியமும் வேண்டாம். அடி கனமான எவர்சில்வர் பாத்திரம்தான் சரி.

சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் போட்டுக் காய்ச்சுங்கள். எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே கொட்டினால் நிறம் மங்கும், அடியும் பிடிக்கும். சாறு மூன்றில் ஒரு பங்காக வற்றுகிற வரை கிளற வேண்டும். கை வலிக்கும், ஆள் மாற்றிக் கிளறுங்கள். வற்றி வரும்போது மசாலா முடிச்சை நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டு மீதிச் சர்க்கரையும் உப்பும் போடுங்கள். வினிகரைக் கடைசியில்தான் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் ஆவியோடு போய்விடும்.

பதம் பார்க்க ஒரு சொட்டைத் தட்டில் விடுங்கள். சொட்டைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. அப்படியே நின்றால் இறக்கலாம். இந்த இடத்தில் அளவுக்கு ஆசைப்பட்டால்தான் மூடி தெறிக்கும்.

வீட்டுக்குக் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் மருந்து எதுவும் தேவையில்லை. விற்பதற்கு என்றால் சோடியம் பென்சோயேட், உணவுக்கு உரியதாகக் கேட்டு வாங்கி, 1 கிலோ சாஸுக்கு கால் கிராம் போடலாம். "ஒரு சிட்டிகை கூடப் போட்டா நல்லா நிக்கும்ல?" என்று கேட்காத குழுவே இல்லை. கூடாது. சட்டத்தில் இதற்கு உச்ச அளவு உண்டு, பிள்ளைகள் சாப்பிடுகிற பொருள் வேறு. கால் கிராம் நம் தராசில் நிற்காது. நகைக்கடைத் தராசில் 1 கிராம் பொட்டலமாக நிறுத்து வைத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்துக்கு 4 கிலோ சாஸ் என்று கணக்கு வையுங்கள். கொஞ்சம் சூடான சாஸில் கரைத்து, பிறகு மொத்தத்திலும் கலக்குங்கள்.

கண்ணாடி பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கவிழ்த்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள். சாஸ் சூடாக இருக்கும்போதே, பாட்டிலும் சூடாக இருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். பிறகு அடியில் துணி விரித்த அண்டாவில் நிறுத்தி, வெந்நீரில் அரை மணி நேரம் விட்டு, தானாக ஆறவிடுங்கள். உடனே எடுத்துப் பச்சைத் தண்ணீரில் வைத்தால் கண்ணாடி விரிந்துவிடும்.

விற்கும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணை லேபிளில் போட வேண்டும். செய்த தேதி, எடை, சேர்த்த பொருள்கள் எல்லாம் அதில் வர வேண்டும்.

லாபக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 10 கிலோ தக்காளியில் தோல், விதை போக வற்றினால் 3 கிலோ சாஸ்கூடத் தேறாது. பழம் கிலோ 5 ரூபாய் என்றால் 50 ரூபாய்தான். அதுவே 40 ரூபாய் என்றால் பழத்துக்கே 400 ரூபாய். மேலே கேஸ், சர்க்கரை, பாட்டில், நம் கூலி. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சாஸ் போட நினைத்தவர்களை நானே தடுத்தேன். விலை விழுந்த மாதங்களில் மட்டும் செய்யும் தொழிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொன்ன அந்தக் குழு 2024இல் மறுபடியும் போட்டது, இந்தத் தடவை 15 பாட்டில் மட்டும். அதில் ஒன்றைக் குழுத் தலைவி வீட்டு அலமாரியில் வைத்து, ஒரு மாதம் தினமும் மூடியைத் தொட்டுப் பார்த்தார்கள். அது அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் மீதி 14 பாட்டிலும் கடைக்குப் போனது.