கடல் நடுவே ஒரு குரல் – 9: சிற்றலையை நிறுத்திய நாள்

சாலமன் தீவுகளின் வானொலி வாசிக்கும் சொந்தச் சேதிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். ஊரில் யார் காலமானார், கப்பல் எந்தத் துறைக்கு எப்போது வரும் என்று தலைநகர் ஹோனியாராவிலிருந்து வெளித்தீவுகளுக்குப் போகும் சேதிகள் அவை. அது ஒரு நாட்டுக்குள் நடப்பது. ஒரு தீவு நாட்டின் செய்தி அடுத்த தீவு நாட்டுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

பசிபிக்கில் பக்கத்து நாடு என்றாலே நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடல். வனுவாட்டுவில் எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள். மக்கள் தொகையோ ஏறக்குறைய மூன்று லட்சம்தான். அத்தனை சிறிய நாடு ஃபிஜிக்கும் சமோவாவுக்கும் நிருபர் அனுப்ப முடியாது. அந்த வேலையைச் செய்தவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நடத்திய சிற்றலை வானொலிகள். முன்னது 1939 டிசம்பரில் தொடங்கியது, பின்னது 1948-ல். 'பசிபிக் பீட்', 'டேட்லைன் பசிபிக்' என்ற நிகழ்ச்சிகளில் சமோவாவின் தேர்தல் வழக்கும் சூரை மீன் பிடிக்கும் உரிமக் கட்டணமும் ரக்பி முடிவும் அடுத்தடுத்து வந்தன.

ரக்பியைத் துணுக்குச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். 2016 ஆகஸ்ட் 11 அன்று ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜியின் எழுவர் அணி பிரிட்டனை 43-7 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். அரசு பொது விடுமுறை விட்டது; பிறகு ஏழு டாலர் நோட்டே அச்சிட்டது. அரசியலில் பிளந்து கிடந்த நாடு ஒன்றாக நின்று கொண்டாடிய சேதி அது.

அந்தப் பிளவின் உச்சம் 2009 ஏப்ரலில் வந்தது. அரசமைப்புச் சட்டம் நீக்கப்பட்டது. செய்தி அறைகளில் தணிக்கை அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். 'ஃபிஜி டைம்ஸ்' வெற்றிடம் விட்டு அச்சேறியது. ஆஸ்திரேலிய வானொலியின் நிருபர் ஷான் டோர்னி நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். அந்த வானொலியின் பண்பலை ஒலிபரப்பையும் அரசு நிறுத்த வைத்தது. பண்பலைக் கோபுரம் ஃபிஜி மண்ணில் நின்றது. அதிகாரிகள் போய் நிறுத்தச் சொன்னால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். சிற்றலைக் கோபுரமோ ஆஸ்திரேலியாவில், ஷெப்பர்ட்டன் ஊருக்கு அருகில். அங்கிருந்து கிளம்பும் அலை வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். அதை நிறுத்த ஃபிஜியின் தலைநகர் சுவாவில் இருந்த ராணுவ ஆட்சியிடம் வழியில்லை. தங்கள் நாட்டில் என்ன நடக்கிறது என்பதை ஃபிஜி மக்கள் சிற்றலையில் கேட்க முடிந்தது.

இது நடந்து எட்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2017 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியா அந்தச் சிற்றலையை மூடிவிட்டது. பழைய தொழில்நுட்பம், இனி பண்பலையும் இணையமும் போதும் என்றது நிர்வாகம். மிச்சம் 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். மறுபரிசீலனை செய்யுங்கள், புயல் காலத்தில் இதில்தான் உயிர்கள் இருக்கின்றன என்று வனுவாட்டுவின் பிரதமர் சார்லட் சல்வாய் கேட்டுக்கொண்டார். 2015 மார்ச்சில் 'பாம்' புயல் செல்பேசிக் கோபுரங்களைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்த நாடு அது. அவர் பேச்சு எடுபடவில்லை. காலியான அலைவரிசைகள் சிலவற்றைச் சீன வானொலி பயன்படுத்துவதாக அடுத்த ஆண்டே செய்தி வந்தது. கேட்பவர்கள் யார், அவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று விசாரிக்காமல் எடுத்த முடிவு இது. அநியாயம் என்றே சொல்வேன்.

2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது, அந்த நாட்டை உலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. இணைக்க ஐந்து வாரம் ஆனது. இணையம் போதும் என்ற வாதம் அந்த ஐந்து வாரத்தில் என்ன ஆனது? நியூசிலாந்தின் சிற்றலைக்குக் கேபிள் தேவைப்படவில்லை. அந்த ஒலிபரப்பு தொடங்குமுன் பெல்பேர்டு என்ற பறவையின் கூவல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இரைச்சலுக்கு நடுவே அந்தக் கூவலைப் பிடித்துக்கொண்டுதான் குமிழைத் திருகிச் சரிசெய்வார்கள். பகலில் ஓர் அலைவரிசை, இரவில் வேறு. பழகியவர்களுக்கு அது மனப்பாடம்.

அந்தக் குரலை அனுப்பிய டிரான்ஸ்மிட்டர் டாப்போ ஏரிப் பக்கம் ரங்கிடாய்க்கியில் 1990-லிருந்து ஓடித் தேய்ந்தது. மூடிவிட நியூசிலாந்துக்கும் சாக்கு இருந்தது. ஆனால் 2022-ல் அந்நாட்டு அரசு 44 லட்சம் நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. 2024 ஆகஸ்டில் புது டிரான்ஸ்மிட்டர் ஒலிபரப்பத் தொடங்கியது.

அடுத்த வாரம் பூகன்வில். 2019 பொது வாக்கெடுப்பில் ஏறக்குறைய 98 விழுக்காடு பேர் பப்புவா நியூகினியிலிருந்து பிரிந்து தனி நாடாக வேண்டும் என்று வாக்களித்த தீவு அது.

(தொடரும்)