சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் பெண்

நம் கிராமங்களில் புற்றுநோய் என்னும் சொல்லை உரக்கச் சொல்லவும் மக்கள் அஞ்சுகின்றனர். அதிலும் மார்பில் தோன்றும் நோயெனில், அச்சத்தோடு நாணமும் சேர்ந்துகொள்கிறது. நோய் இன்னதென்று மருத்துவர் கூறியதுமே வாழ்வு முடிந்துவிட்டதாக எண்ணி வீட்டில் ஒடுங்கிவிடும் பெண்கள் பலர். இது தவறான எண்ணம். நோயைத் தொடக்கத்திலேயே கண்டு, முறையாகச் சிகிச்சை பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் பல்லாண்டுகள் நலமாக வாழ்கின்றனர். ஆயினும், அதற்கு மருத்துவமனையின் உதவி மட்டும் போதாது. குடும்பமும் ஊரும் செய்யவேண்டியனவும் உள்ளன.

இந்தியப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெறுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,90,000-க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆதலின், இஃது எங்கோ நகரத்தில் நிகழ்வதென்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

அன்றும் இன்றும்

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால், 1954-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அப்போது அதில் இருந்தவை 12 படுக்கைகளே. இன்றோ பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்நோய்க்குச் சிகிச்சை கிடைக்கிறது.

சிகிச்சை முறையும் மாறியுள்ளது. 1882-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட் கையாண்ட முறையில், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளும் அகற்றப்பட்டன. பெர்னார்டு ஃபிஷர் என்னும் மருத்துவர் 1971-இல் தொடங்கிய ஆராய்ச்சியும் அதைத் தொடர்ந்தவையும் அவ்வளவு பெரிய அறுவை தேவையில்லை என்று காட்டின. இப்போது பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதே போதுமானதாகிறது. எனவே, அறுவைக்கு அஞ்சிக் கட்டியை மறைத்து வைப்பது அறிவுடைமையாகாது.

பாதியில் நிறுத்தலாகாது

களையைப் பாதி எடுத்துப் பாதி விட்ட வயலின் நிலையை உழவர் அறிவர். விட்ட களை மீண்டும் தழைத்துப் பயிரை அமுக்கிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையும் அத்தகையதே. அறுவை, மருந்தேற்றுதல், கதிர்வீச்சு, மாத்திரை ஆகியவற்றுள் எவை வேண்டுமென மருத்துவர் முடிவு செய்கிறாரோ, அவை யாவும் நிறைவேற வேண்டும். "கட்டிதான் போய்விட்டதே, நடவு முடிந்து போகலாம்" என்று நாளைக் கடத்துவதும், கூலி போகுமென்றும் துணைக்கு ஆளில்லையென்றும் நின்றுவிடுவதும் உயிருக்கே இடராக முடியக்கூடும்.

மருந்தேற்றும் நாட்களில் தலைமயிர் உதிரலாம். சிகிச்சை முடிந்தபின் அது பெரும்பாலும் மீண்டும் வளரும். ஆனால், அக்காலத்தில் காய்ச்சல் 100.4 பாகை அளவை எட்டினால், இரவாயினும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் அப்போது குறைந்திருக்குமாதலின், சிறு தொற்றும் பேரிடராக மாறலாம்.

பெண்மைச் சுரப்பு நீரால் வளரும் வகைக் கட்டியாயின், டாமாக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்தாண்டுகளும், சிலர் அதற்கு மேலும், நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். நோய் திரும்பும் வாய்ப்பை இது பெரிதும் குறைக்கிறது. உடல் நலமாக இருப்பதாலேயே பலர் இதனை இடையில் விட்டுவிடுகின்றனர். மாத்திரையால் உடல் காந்துதல் முதலிய தொல்லைகள் தோன்றினால், தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுவதே முறை.

கையைக் காத்தல்

அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்க நேரலாம். அதனால் நீர் வடியும் வழி குறைந்து, அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் இது தோன்றும். ஆகையால், அக்கையில் முள் தைக்காமலும், அரிவாள் படாமலும், அடுப்பில் சூடுபடாமலும் காத்தல் நன்று. வயல் வேலையின்போது கையுறை அணியலாம். காயம் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கை சிவந்து சூடேறினால் அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

இதனால் அக்கை பயனற்றுப் போயிற்று என்று கருத வேண்டா. படிப்படியாகப் பளு தூக்கிப் பழகுவதால் வீக்கம் மிகுவதில்லை என்பதை 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. முதல் நாளே நிறைகுடம் தூக்குவது தவறு. மருத்துவர் கற்பித்த பயிற்சிகளைச் செய்து, சிறு செம்பில் தொடங்கிப் பின்னர்க் குடத்திற்கு வருவதே முறை.

ஊரார் கடமை

முதலாவதாக, இந்நோய் தொற்றுநோயன்று. தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைப்பதும், மங்கல நிகழ்ச்சிகளுக்கு அழையாதிருப்பதும் அறியாமையால் இழைக்கும் கொடுமைகள். "தாய்க்கு வந்த நோய்" என்று மகளின் திருமணத்தைத் தடுப்பாரும் உளர். இந்நோயாளர் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே இது பரம்பரைக் காரணத்தால் வருகிறது. நோயாளியின் மகளும் உடன்பிறந்த பெண்களும் மருத்துவரிடம் அதனைக் கூறி ஆலோசனை பெற வேண்டும். ஒதுக்கப்பட வேண்டியவர்கள் அல்லர்.

இரண்டாவதாக, பொருளுதவிக்கு வழிகாட்டுதல் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும். தகுதியுள்ள குடும்பம் வருமானச் சான்று பெற்று அட்டை எடுக்க ஊராட்சி உறுப்பினர் துணைநிற்கலாம். சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் நோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டென்பதையும் பலர் அறியார்.

மூன்றாவதாக, வேலை. சிகிச்சை முடிந்த பின்னரும் அயர்வு பல திங்கள் நீடிக்கலாம், அது சோம்பலன்று. அறுவடைக் காலத்தில் அப்பெண்ணின் வயலுக்கு அண்டை வீட்டார் ஒருநாள் கைகொடுத்தால், மருத்துவமனைக்குச் செல்லும் முறை தவறாது. முதல் சில ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு திங்களுக்கு ஒருமுறையும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அந்நாளை கிராமச் சுகாதாரச் செவிலியர் நினைவூட்டலாம்.

நோயை வென்று நடமாடும் ஒரு பெண், மகளிர் குழுக் கூட்டத்தில் தம் அனுபவத்தைத் தாமே விரும்பிக் கூறுவாராயின், அது பத்துச் சுவரொட்டிகளைவிடப் பயன் தரும். அவர் சொல்லைக் கேட்டு, கட்டியை மறைத்து வைத்திருக்கும் மற்றொரு பெண் மறுநாளே ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குப் புறப்படலாம். அவ்வாறு அச்சமின்றிப் பேசுவதற்கேற்ற சூழ்நிலையை ஊரில் உண்டாக்குவதும் ஊராட்சி ஆற்றவேண்டிய நற்பணிகளுள் ஒன்றாகும்.