கூடாநட்பு என்னும் சொல்

பிள்ளைகள் தீயவரோடு திரியக் கண்டால் ‘கூடாநட்பு’ என்று கடிந்துரைக்கின்றோம். கொள்ளத்தகாத நட்பு என்று அதற்குப் பொருள் கொள்கின்றோம். திருவள்ளுவனார் கருதிய பொருள் அதுவன்று. தீயோர் நட்பிற்கென்றே தீநட்பு என 82-ஆம் அதிகாரத்தை அவர் வகுத்துள்ளார். அதற்கடுத்த 83-ஆம் அதிகாரமே கூடாநட்பு. உள்ளம் கூடாதிருக்க, முகம் மட்டும் கூடி நிற்கும் நட்பு என்பது பொருள். பரிமேலழகர் உரையும் இதுவே.

தக்க இடம் வாய்க்கும் வரையில் தாங்கிநின்று, வாய்த்தபோது வெட்டுதற்கு உதவும் பட்டடை என்று இந்நட்பை வள்ளுவர் கூறுகின்றார். பகைவர் குவித்த கைக்குள்ளும் படைக்கலம் மறைந்திருக்கும் என்கின்றார். இதனை ஓதுந்தோறும் நம் நெஞ்சம் திருக்கோவலூருக்கே செல்கின்றது.

அங்கு அரசுபுரிந்த மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாது பன்முறை தோற்ற முத்தநாதன், மெய்யெலாம் நீறு பூசி, புத்தகக் கட்டினுள் படைக்கலத்தை மறைத்துக்கொண்டு, ஆகமம் உரைப்பான் போல அரண்மனை புகுந்தான். உள்ளே மை பொதிந்த விளக்கை அவனுக்கு உவமை காட்டுகின்றார் சேக்கிழார் பெருமான். நாயனார் அவனை உயர்ந்த தவிசில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். கட்டை அவிழ்த்தான், நினைந்ததை முடித்தான்.

அவ்வாறாயின், குறள்நெறி அறியாது நாயனார் ஏமாந்தாரோ என்று அன்பர் சிலர் வினவுவர். கூடாநட்பு என்பது நட்பாய் நடித்தல். நட்பை ஆராய்ந்து கொள்ளுதல் அரசர்க்குரிய பொருட்பால் நெறி. பகைவர் நண்பராய் ஒழுகுங்கால் நாமும் முகத்தளவில் நட்புக் காட்டுக என்றே அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுகின்றது. முத்தநாதன் நடித்தது நட்பன்று, பத்தி. நாயனார் நம்பியதும் அவனையன்று. அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்னும் சிவஞானபோதப் 12-ஆம் சூத்திரத்தின் கருத்தே அவர்தம் வாழ்வாயிற்று. வஞ்சகன் அணிந்ததனால் நீற்றின் பெருமை குறையுமோ?

இதனைக் கொண்டு, நீறு பூசி வருவார் எவர்க்கும் கோயிற் பெட்டகச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று கொள்ளற்க. வாயில்காவலனாகிய தத்தனும் இவ்வரலாற்றில் உளன். அரசர் துயில்கின்றார், சமயமறிந்து செல்க என்று தடுத்தவன் அவனே. பின்னர் வாளோங்கிப் பாய்ந்தவனும் அவனே. வீழும்போதே நாயனார், அவர் நம்மவர் என்று தடுத்து, இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தார். சினந்தெழுந்த நகரத்தாரை எல்லாம் விலக்கி, தான் வெட்ட எண்ணியவனுக்கே காவலாகி, ஊரெல்லை கடத்திவிட்டு மீண்டான் தத்தன். அச்செய்தி கேட்குமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தார்.