அழுங்கு அறியாத எல்லைக்கல்

அருகிவரும் காட்டுயிர்களைக் காப்பதற்கு இந்தியச் சட்டங்கள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. விலங்கைக் கொல்வதையும் பிடிப்பதையும் குற்றமாக்குவது ஒன்று. அது வாழும் காட்டுக்கு எல்லை வகுத்துச் சரணாலயம் என்றோ தேசியப் பூங்கா என்றோ அறிவிப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போன நிலமே அளவில் மிகப் பெரியது. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் வயலும் கண்மாயும் கரட்டுமேடும் மொட்டைப்பாறைக் குன்றும் மாறி மாறி வரும் நிலப்பரப்பு அவ்வகையைச் சேர்ந்ததாகும். அங்கே ஒரு சுரங்கமோ ஆலையோ வரவிருக்கும்போது, அங்கு வாழும் உயிரினங்களுக்காகப் பேச வேண்டிய பொறுப்பு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்னும் ஒற்றை நடைமுறையின் தலைமேல் விழுகிறது. அந்த நடைமுறை எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியின் அண்மை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

அரிட்டாபட்டியையும் அதை ஒட்டிய மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. ஏழு குன்றுகள் வரிசையாக நிற்கும் இவ்விடத்தில் பாறைமேல் விழும் மழைநீர் சுனைகளில் தங்கி, சரிவில் இறங்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகளை நிரப்புகிறது. அரசின் கணக்கில் இங்குள்ள ஏரிகள் 72, இயற்கைச் சுனைகள் 200. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் உள்ள அதே பாறைகளின் செங்குத்து முகங்களை லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு எனப்படும் ராசாளி ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் சார்ந்து வாழ்கின்றன. சுமார் 250 பறவை இனங்களும், தேவாங்கும், மலைப்பாம்பும், எறும்புத்தின்னி என்றும் அழைக்கப்படும் அழுங்கும் இங்கு உள்ளன. இந்திய அழுங்கை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியுள்ளது. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி ஈனும் இவ்விலங்கு, இழந்த எண்ணிக்கையை விரைவில் மீட்க இயலாதது.

இந்தத் தலம் அறிவிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் நிறையும் வேளையில், 2024 நவம்பர் 7ஆம் நாள், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலத்துக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பல்லுயிர்த் தலம் அந்தத் தொகுதிக்குள் அடங்கியிருந்தது. வெட்டுக்கருவிகளுக்கும் படைக்கலங்களுக்கும் தேவைப்படும் டங்ஸ்டனுக்கு இந்தியா பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், இதையும் சேர்த்து 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் மட்டுமே உள்ளது. ஏலத்தின் வருவாய் மாநிலத்துக்குச் சேரும்.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது, காரியங்கள் நடக்கும் வரிசை. ஏலம் முதலில் நடக்கிறது. சுற்றுச்சூழல் ஆய்வு பின்னர்தான் வருகிறது. ஏலத்தில் வென்றவர் பெறுவது கூட்டு உரிமம்; அதன்படி அவர் முதலில் நிலத்தைத் துளையிட்டுக் கனிமத்தின் அளவை ஆராய்ந்து, பிறகு சுரங்கக் குத்தகை கோரலாம். குத்தகைக் கட்டத்தில்தான் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை குறுக்கே வருகிறது. எனவே ஓர் இடத்தில் சுரங்கம் வரலாமா என்ற கேள்வி, அரசும் நிறுவனமும் பணத்தாலும் வாக்காலும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்ட பிறகே கேட்கப்படுகிறது. அந்த நிலையில் அது பெரும்பாலும் எப்படி வரலாம் என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுவது வியப்பன்று.

அறிவிக்கை வகுத்துள்ள படிகள் சிக்கலானவை அல்ல. திட்டத்தின் அளவைப் பொறுத்து அதை ஒன்றிய அமைச்சகத்தின் வல்லுநர் குழுவோ மாநில அளவிலான ஆணையமோ பரிசீலிக்கிறது. எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்ற வரையறையை அவர்கள் முதலில் தருகிறார்கள். அதன்படி அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் ஒன்று வரைவு அறிக்கை தயாரிக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அதன் பதிவுகளுடன் திருத்திய அறிக்கை குழுவின் முன் வைக்கப்பட்டு, அனுமதி தருவதா மறுப்பதா என்பது முடிவாகிறது. அனுமதியை எதிர்ப்பவர் 30 நாட்களுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

காட்டுயிருக்கு உரிய இடம் இந்தப் படிகளில் எங்கே என்று தேடினால் விடை மனநிறைவு தருவதாக இல்லை. தேசியப் பூங்கா, சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் திட்டம் சிறியதாயினும் கூடுதல் கண்டிப்புடன் ஆராயப்பட வேண்டும் என்று 'பொதுநிபந்தனை' எனப்படும் விதி சொல்கிறது. சரணாலயத்துக்குள்ளேயே நிலம் தேவைப்பட்டால் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழுவும் இசைய வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்புகளுக்கு அடிப்படை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த அறிவிக்கையாகும். அரிட்டாபட்டியோ 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டது. பொதுநிபந்தனையின் பட்டியலில் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்ற வகையே இல்லை. ஊர்மக்களின் உழவையும் மேய்ச்சலையும் வழிபாட்டையும் தடுக்காமல் நிலத்தைக் காப்பது அந்த வகையின் தனிச்சிறப்பு. எனினும் சுரங்கத்தின் முன் அது ஏறத்தாழ வெறும் மதிப்புப் பட்டமாக நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

விலங்கைக் கொல்வதைத் தடுக்கும் சட்டமும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. அழுங்கும் தேவாங்கும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ஓர் அழுங்கைப் பிடித்து விற்பவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. அதே அழுங்கு வளை தோண்டி வாழும் கரட்டை முழுவதுமாகப் பெயர்ப்பதற்கோ, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, தனித் தடை எதுவும் இல்லை. ஆய்வுப் பரப்பில் முதல் அட்டவணை உயிரினம் இருப்பது தெரிந்தால் வனத்துறையுடன் கலந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்து அதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதே சுரங்கத் திட்டங்களுக்கான நடைமுறை. வாழிடம் அழிந்த பிறகு அந்த நிதி எதைக் காக்கும் என்ற கேள்விக்கு அந்த நடைமுறையில் பதில் இல்லை.

அமெரிக்காவில் 1973இல் இயற்றப்பட்ட அருகிவரும் உயிரினங்கள் சட்டம் வேறு வழியில் சென்றது. அழியும் நிலையில் உள்ள உயிரினம் எங்கு வாழ்ந்தாலும், அரசு செய்யும் அல்லது அனுமதிக்கும் திட்டம் அதன் இருப்பையே ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்று அது விதித்தது. டென்னசி மாநிலத்தில் ஏறக்குறைய கட்டி முடிக்கப்பட்டிருந்த டெலிகோ அணையை, சினெயில் டார்ட்டர் என்ற விரல் நீள மீனுக்காக 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் விலக்களித்து அணையைக் கட்டி முடிக்கச் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் அங்கே சட்டம் பின்தொடர்வது உயிரினத்தை; இங்கே சட்டம் காவல் காப்பது வரைபடத்தில் உள்ள கோட்டை.

இனி, அறிக்கை தயாரிக்கும் முறை. ஆலோசனை நிறுவனத்துக்கு ஊதியம் தருபவர் திட்டத்தின் உரிமையாளரே. சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில், பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் திரட்டிய தரவு போதும் என்பது வழக்கம். மதுரைச் சமவெளியின் இயல்பை அறிந்தவருக்கு இதன் குறை உடனே புலப்படும். இங்கே கண்மாய்கள் நிரம்புவதும் வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். பங்குனி, சித்திரை வெயிலில் கணக்கெடுப்பவர் காண்பது வெடித்த கண்மாய்த் தரையை. அழுங்கும் தேவாங்கும் இரவில் நடமாடுபவை. வளைகளைத் தேடியும், தானியங்கிக் கேமராக்களைப் பல வாரங்கள் வைத்தும், இரவு நேரத்தில் மரக்கிளைகளில் ஒளி பாய்ச்சித் தேவாங்கின் கண்ணொளியைப் பார்த்தும் செய்ய வேண்டிய வேலை, பகலில் சில நாட்கள் நடந்து முடித்த கணக்கெடுப்பால் நிறைவேறாது. காணப்படவில்லை என்பது அறிக்கையில் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஊரில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்த ஒன்று அரசின் கோப்புக்குள் நுழைவதற்கு இருக்கும் முதன்மையான வாயில், மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வரும் அதிகாரியோ தலைமை தாங்கும் கருத்துக் கேட்புக் கூட்டம்தான். அங்கும் தமிழில் கிடைப்பது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும்.

அரிட்டாபட்டியில் இந்தப் படிகள் எதுவும் தொடங்கவே இல்லை. ஏலச் செய்தி பரவியதும் 2024 நவம்பரில் சுற்றுப்புற ஊர்களின் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9ஆம் நாள் சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24ஆம் நாள் சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலத்தை நீக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மறுபடி வகுக்க இயலுமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. தலம் தொகுதியில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் இது நியாயமான தீர்வாகத் தோன்றலாம். ஆனால் குன்றில் கூடு வைக்கும் வல்லூறு இரை தேடுவது சுற்றியுள்ள வயல்வெளியில். அழுங்கு கறையான் புற்றைத் தேடிப் போவது எல்லைக்கல்லைப் பார்த்து அன்று. குன்றின் சுனைநீர் சேர்வது தலத்துக்கு வெளியே உள்ள கண்மாய்களில். குன்றை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் வெடி வைத்துத் தோண்டினால் எஞ்சுவது தனித்துவிடப்பட்ட பாறை மட்டுமே. ஊர்மக்கள் இதை ஏற்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பல்லாயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தனர். ஜனவரி 23ஆம் நாள் ஏலம் ரத்து செய்யப்பட்டது. கிரானைட் குவாரிகள் குன்றுகளைத் தின்று தீர்த்ததைக் கண்ணால் கண்ட மேலூர் வட்டாரத்துக்கு, எதை இழக்க நேரும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆக, அந்த உயிர்களைக் காத்தது மதிப்பீட்டு முறை அன்று. சாலையில் இறங்க ஆளில்லாத கரட்டில் வாழும் அழுங்குக்கு அந்த முறை மட்டுமே துணை என்பதால், அதன் ஒவ்வொரு படியும் முக்கியமாகிறது. அப்படிகளில் ஒன்று சில கனிமங்களுக்கு இப்போது இல்லை. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கங்கள் அனைத்தும், பரப்பு எவ்வளவாயினும், ஒன்றிய அரசின் அளவிலேயே பரிசீலிக்கப்படும் என்றும், அவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றும் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8ஆம் நாள் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. நாட்டின் பாதுகாப்புத் தேவை இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. தாக்க மதிப்பீட்டு அறிக்கை இனியும் தயாரிக்கப்படும், வல்லுநர் குழு கூடும், நிபந்தனைகள் எழுதப்படும். அந்தக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது.