சத்திரசிகிச்சைக்குப் பின் பத்து நாட் காவல்

இடம்பெயர்ந்து வந்து புதுக் காணியில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கு நாய்தான் முதல் வேலி. காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரில் இறங்காமல் இரவு பகலாகக் காப்பது அதுவே. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கலைப் பகுதியில் காணியை விட்டு எழும்பியவர்களுக்கு இதை நாம் சொல்லித் தரத் தேவையில்லை.

பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாட்கள் சுமந்து, வருடத்தில் இரு தடவைகூடக் குட்டி போடலாம். வளர்க்க வழியின்றித் தெருவில் விடப்படும் குட்டிகள் தடுப்பூசியின்றித் திரிந்து விசர்நோயைப் பரப்பக்கூடும். ஆகவேதான் கருத்தடைச் சத்திரசிகிச்சையை நாம் வரவேற்கிறோம். ஆனால் வைத்தியரின் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மிகுதிப் பத்து நாட்களும் நம் பொறுப்பு. காயம் பழுதாகி ஒரு நாய் செத்தால், அயலவர் எவரும் தம் நாயைக் கொண்டுபோக மாட்டார்கள்.

முதல் இரவு

மயக்க மருந்து நாயின் உடற்சூட்டைக் குறைக்கும். ரிவர்ஸ்டன் பக்கத்துக் காற்றும் பனிமூட்டமும் நாம் அறிந்ததே. ஆகவே நாயை வெறும் மண் தரையில் கிடத்தாமல், காய்ந்த சாக்கின் மேல் சுத்தமான துணி விரித்து, காற்றுப் படாத மூலையில் படுக்க வையுங்கள். அடுப்புக்கு மிக அருகில் வேண்டாம். மயக்கத்தில் அதற்குச் சூடு தெரியாது. நன்றாகத் தெளிந்த பின்னரே சிறிது தண்ணீரும், பிறகு வழக்கத்தில் பாதி உணவும் கொடுங்கள்.

நக்குதல், துள்ளுதல், ஈரம்

வைத்தியர் உள்தசையையும் தோலையும் தனித்தனியாகத் தைக்கிறார். சில நாட்களில் மேற்தோல் ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் உள்தையல் உறுதியாவதற்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் செல்லும். அதுவரை ஓடவோ பாயவோ விடாமல் கட்டி வையுங்கள். காணிக் காவலுக்கும் அனுப்ப வேண்டாம்.

“நாயின் நாக்கே மருந்து” என்பது பிழை. நக்கினால் தையல் அறும்; வாயிலுள்ள கிருமி காயத்துக்குள் போகும். அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியை, விளிம்பு குத்தாதபடி துணி சுற்றிக் கழுத்தில் மாட்டலாம். அல்லது பழைய சேட் ஒன்றை அணிவித்து முதுகில் முடிச்சுப் போடலாம். சேட் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

பதினான்கு நாட்களுக்குக் குளிப்பாட்ட வேண்டாம். மலசலத்துக்கு வெளியே கொண்டுபோகும்போது ஈரப் புல்லைத் தவிர்த்து வெறும் நிலத்தில் நடத்துங்கள். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் இலகுவில் உறையாது.

காயத்தில் மஞ்சள், சாம்பல், மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில் எதையும் பூச வேண்டாம். நோவுக்குப் பனடோல் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். அவை நாய்க்கு நஞ்சாகலாம். வைத்தியர் தந்த மருந்தை மட்டும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

காலையும் மாலையும் பாருங்கள்

முதல் சில நாட்களில் இலேசான சிவப்பும் சிறு வீக்கமும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். ஆனால் சீழ், துர்நாற்றம், கூடிவரும் வீக்கம், நிற்காத இரத்தம், தையல் விடுதல், முரசு வெளிறுதல், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமை ஆகியவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஈ முட்டையிட்டால் ஒரு நாளைக்குள்ளேயே புழு வரலாம். ஆகவே ஈ மொய்க்கும் இடத்தில் நாயைக் கட்டாதீர்கள்.

குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ள வேண்டாம். கொதித்தாறிய நீரில், அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி மட்டமாக உப்புக் கரைத்து, அதில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, உடனே புறப்படுங்கள். மலையிலிருந்து ரத்தோட்டைக்கோ மாத்தளைக்கோ இறங்கும் பாதை நீண்டது. எனவே வாகனத்துக்கு யாரைக் கேட்பது, எந்த வைத்தியரிடம் போவது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வெளித்தையல் இருந்தால் அதை வைத்தியரே வெட்ட வேண்டும். தானே கரையும் நூலா என்று அன்றே கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று: கருத்தடை விசர்நோயைத் தடுக்காது. அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி வேண்டும். நோவில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். பிள்ளைகளைக் காயத்துக்குக் கிட்ட விட வேண்டாம். கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.