'இண்டி' என்னும் பிரித்தானிய இசை

பிறந்தபோது ஒரு பொருளையும் வளர்ந்தபின் வேறொரு பொருளையும் குறிக்கும் சொற்கள் எம்மொழியிலும் உண்டு. நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியை நாம் அறிவோம். பிரித்தானியாவில் 'இண்டி' என வழங்கும் இசைப்பெயரும் அவ்வாறே மாறிய ஒன்று. இன்று அப்பெயரைக் கேட்டவுடன் மெலிந்த இளைஞர் நால்வரும், இரண்டு கிற்றார்களும், சற்றே சோகந் தோய்ந்த ஒரு குரலும் மனக்கண்முன் தோன்றும். தொடக்கத்திலோ அச்சொல் ஓசையைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. சுயேச்சை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் தயவின்றி வெளிவந்த தட்டு என்பதே அதன் பொருள்.

1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், ஒரு குழுவினர் தம் பாட்டைத் தட்டாக்கிக் கடைக்கு அனுப்ப விரும்பினால், ஈ.எம்.ஐ. போன்ற பெருங் கம்பெனிகளின் வாயிலிற் காத்து நிற்பதே வழக்கமாயிருந்தது. ஒலிப்பதிவு நிலையம், தட்டு அச்சிடும் ஆலை, கடைகளுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி யாவும் அவர்கள் கையில். கம்பெனி முற்பணங் கொடுக்கும். விற்பனையில் அதைக் கழித்துக்கொள்ளும். முழுவதையும் கழித்த பின்னரும் ஒலிப்பதிவு பெரும்பாலும் கம்பெனியின் உடைமையாகவே இருக்கும். பாடியவனுக்குத் தன் குரல் சொந்தமில்லை என்பதுதான் இதன் சாரம்.

மான்செஸ்ரர் நகரத்துப் பஸ்கொக்ஸ் குழுவினர் அவ்வாயிலுக்குச் செல்லவில்லை. உறவினரிடமும் நண்பரிடமும் ஏறக்குறைய 500 பவுண் கடன் பெற்றார்கள். 1976ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் திகதி நான்கு பாட்டுக்களைச் சில மணி நேரத்திற் பதிவு செய்தார்கள். 'ஸ்பைரல் ஸ்கிராச்' என்னும் அத்தட்டு 1977 ஜனவரி இறுதியில் வெளிவந்தது. முதலில் அச்சிட்டவை 1,000 மட்டுமே. கடனை அடைத்தாற் போதும் என்பது எண்ணம். விற்றவையோ 16,000 வரை.

அத்தட்டிலே சலிப்பைப் பற்றிய பாட்டு ஒன்றுண்டு. அதன் நடுவே கிற்றார் தனித்து வாசிக்கும் இடத்தில் இரண்டே சுரங்கள் மாறி மாறி, மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. கர்நாடக சங்கீதத்திற் பழகிய செவிக்கு இது வித்துவத்தை ஏளனஞ் செய்வதுபோற் படலாம். ஏளனமும் அதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆயினும் கேட்கக் கேட்க, சலிப்பைச் சொல்வதற்கு மூன்றாவது சுரம் எதற்கு என்று தோன்றிவிடும்.

இதைக் கண்டு பலர் துணிந்தனர். 1978இல் ஸ்கிரிற்ரி பொலிற்ரி என்ற குழுவினர், ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று தம் முதற்றட்டின் செலவுக் கணக்கையே உறையில் அச்சிட்டார்கள். சமையற் குறிப்பு எழுதுவதுபோல், நீங்களும் செய்து பாருங்கள் என்று கூறியவாறு. தட்டைச் செய்தபின் அதை ஊர்தோறும் சேர்ப்பிக்கும் வழி வேண்டுமல்லவா? மேற்கு இலண்டனில் ஜெவ் ட்ரவிஸ் என்பவர் 1976இல் திறந்த 'றவ் ரேட்' கடை அவ்வழியை அமைத்தது. வெளியூர்க் கடைகள் சிலவற்றுடன் கூடி, சிறு வெளியீட்டாளரின் தட்டுக்களை நாடெங்கும் அனுப்பியது. 1978 முதல் தானே தட்டுக்களையும் வெளியிட்டது. இலாபத்திற் பாதி குழுவினருக்கு, பாதி நிறுவனத்துக்கு.

ஆனால் கடைக்கு வந்த தட்டைக் கேட்டுப் பாராமல் யார் வாங்குவார்? இங்கேதான் வானொலி வருகிறது. (வானொலியிலிருந்து வானொலியைப் புகழ்வதை நேயர்கள் பொறுத்தருள்க.) பி.பி.சி.யின் முதலாம் வானொலி தொடங்கிய 1967ஆம் ஆண்டு முதல், 2004இல் இறக்கும்வரை, ஜோன் பீல் என்ற அறிவிப்பாளர் அங்கு பணியாற்றினார். அவருடைய இரவு நிகழ்ச்சியில் ஜமெய்க்காவின் றெகேயும், ஆபிரிக்கக் கிற்றார் இசையும், எவரும் அறியாத வட இங்கிலாந்துக் குழுக்களும் அடுத்தடுத்து ஒலிக்கும். சில வேளைகளில் தட்டைத் தவறான வேகத்திற் சுழலவிட்டு மன்னிப்புங் கேட்பார். வட அயர்லாந்தின் டெரி நகரத்து அண்டர்டோன்ஸ் குழுவின் முதற்றட்டை, பெல்பாஸ்ற்றில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் 1978இல் வெளியிட்டார். கலவரத்தின் செய்தியாகவே உலகம் அறிந்திருந்த மண்ணிலிருந்து, பதின்பருவக் காதலைப் பற்றி இரண்டரை நிமிடப் பாட்டு! பீல் அதை ஒலிபரப்பி முடித்தவுடன் மறுபடியும் ஒலிபரப்பினார்.

குழுக்களை பி.பி.சி.யின் கலையகத்துக்கு அழைத்து, ஒரே நாளில் நான்கு பாட்டுக்களைப் பதிவு செய்வதும் அந்நிகழ்ச்சியின் வழக்கம். இத்தகைய பதிவுகள் 4,000க்கு மேற்பட்டவை. ஸ்மித்ஸ் குழுவினர் வானொலிக்காகச் செய்த பதிவுகளே 1984இல் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு ஒன்றின் பெரும்பகுதி. அதே ஆண்டு வந்த அவர்களின் முதலாவது நெடுந்தட்டைவிட அத்தொகுப்பே மேல் என்பது என் கருத்து. ஜொனி மார் கிற்றாரின் தந்திகளைச் சேர்த்து அடிப்பதில்லை. ஒவ்வொன்றாக மீட்டி, நீரோட்டம்போல் ஓடவிடுகிறார். அவசரத்திற் செய்த வானொலிப் பதிவில் அந்த ஓட்டம் தெளிவாகக் கேட்கிறது. அடுக்கி மெருகிட்ட பதிவில் அது அமிழ்ந்துவிடுகிறது.

மான்செஸ்ரரின் 'பாக்டரி' நிறுவனத்தின் கதை இன்னும் விசித்திரமானது. ஜோய் டிவிஷன் குழுவின் பாட்டுக்களை வெளியிட்டது அதுவே. அக்குழுவின் பாடகர் இயன் கேர்ட்டிஸ் 1980 மே மாதம் தம் 23ஆவது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சியோர் நியூ ஓர்டர் என்ற பெயரில் தொடர்ந்தனர். இசை முழுவதும் இசைஞருக்கே உரியது, நிறுவனத்துக்கு எதுவும் உரியதன்று என்ற கருத்தில் ஒரு பத்திரத்தை, நிறுவனர்களுள் ஒருவரான ரொனி வில்சன் தம் இரத்தத்தால் எழுதினார் என்பர். 1992இல் நிறுவனம் கடனில் மூழ்கியபோது இலண்டனின் ஒரு பெருங் கம்பெனி அதை வாங்க முன்வந்தது. பத்திரத்தைப் படித்தபின்னரே, விலைக்கு வாங்க அங்கே ஒன்றுமில்லை என்று அதற்குத் தெரிந்தது. பாக்டரி முறிந்தது, பாட்டுக்கள் பாடியவரிடமே இருந்தன. வணிக நோக்கில் இது பேதைமை. அந்தப் பேதைமையால் யாருக்கு நட்டம், யாருக்கு நயம் என்று பார்த்தால் நான் வில்சன் பக்கமே நிற்பேன்.

இனிச் சொல்லின் பொருள் மாறிய கதை. 1980இல் சுயேச்சைத் தட்டுக்களுக்கென விற்பனை வரிசை ஒன்று தொடங்கிற்று. பெருங் கம்பெனிகளின் விநியோகத்தைச் சாராதிருத்தலே தகுதி. இசை எவ்விதமாயினும் ஆகுக. ஆகவே 1988இல் கைலி மினோக்கின் நடனப் பாட்டு அவ்வரிசையில் முதலிடம் பெற்றது! கிற்றார்ப் பிரியர்கள் முகஞ் சுளித்தார்கள். விதிப்படி அது சரியே. மறுபுறம், 1995 ஆகஸ்ட் மாதம் புளர், ஒயேசிஸ் என்னும் இரு குழுக்களும் ஒரே நாளில் தட்டு வெளியிட்டுப் போட்டியிட்டபோது, செய்தியாளர் அதை 'இண்டி'யின் வெற்றியாகக் கொண்டாடினர். புளர் ஈ.எம்.ஐ.யின் நிழலில் இருந்தது. ஒயேசிஸை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனத்தின் 49 வீதப் பங்கை 1992இலேயே சோனி வாங்கியிருந்தது. பெயர் மட்டும் எஞ்சி, கணக்கு மறைந்துவிட்டது.

இதனைத் துரோகம் என்பாரும் உளர். நான் அவ்வாறு கூறத் தயங்குவேன். 1991இல் றவ் ரேட்டின் விநியோகப் பகுதி முறிந்தபோது, விற்ற தட்டுக்குப் பணங் கிடைக்காமற் பல சிறு வெளியீட்டாளர் தவித்தனர். சுயேச்சை என்பது கடிதத்தாளில் அச்சிடும் பெயரன்று. மாதந்தோறும் ஒழுங்காகப் பார்க்க வேண்டிய பேரேடு. அதைப் பார்த்தவர்கள் நிலைத்தார்கள். 2006இல் ஷெவீல்ட் நகரத்து ஆர்க்ரிக் மங்கீஸ் குழுவினர் 'டொமினோ' என்ற சுயேச்சை நிறுவனத்தின் வழியே வெளியிட்ட முதல் நெடுந்தட்டு, ஒரே கிழமையில் 3,60,000க்கு மேல் விற்றது.

நம்மவருக்கும் இக்கதையில் ஓர் இழை உண்டு. இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்த மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்தவர், இத்துறைக்குள் வந்தது ஓவியராகவே. எலாஸ்ரிக்கா என்ற கிற்றார்க் குழுவின் 2000ஆம் ஆண்டுத் தட்டுக்கு உறை ஓவியம் வரைந்தார். அவர்களின் பயணத்தையும் படம்பிடித்தார். அக்குழுவின் தலைவி இரவல் கொடுத்த இலத்திரனியற் கருவி ஒன்றிலேதான் அவர் தம் முதற்பாட்டுக்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றை 2003இல் ஒரு சிறு நிறுவனம் தட்டாக்கியது. அச்சிட்டவை 500.