பழைய மின் கிற்றார்: எது நியாய விலை?

ஓமானின் சலாலாவில் வேலை முடிந்து ஊர் போகிறவர்கள் மின் கிற்றாரை விற்பதுண்டு. அவர் சொல்லும் விலையிலிருந்து பேரத்தைத் தொடங்காதீர்கள். அதே மொடல் புதிதாக 100 றியால் என்றால், நல்ல நிலையில் உள்ளதற்கு 55, 60 கொடுக்கலாம் என்பது என் கணக்கு. பிறகு பழுதுகளுக்குக் கழியுங்கள்.

இங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை கரீப் ஈரம், கடற்காற்று வேறு. துருப்பிடித்த தந்திகளை மலிவாக மாற்றலாம். கழுத்தைத் தலைப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சற்று வளைந்திருந்தால் உள்ளிருக்கும் இரும்புக் கோலை முடுக்கிச் சரிசெய்யலாம். ஒரு பக்கம் முறுகியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். பிரெட் பட்டிகள் பள்ளமாகத் தேய்ந்திருந்தால், மலிவான கிற்றாரில் திருத்தக் கூலி அதன் விலையையே தாண்டிவிடும். அம்பிளிபயரில் பூட்டிக் குமிழ்களைத் திருகுங்கள். கரகரப்பு பெரும்பாலும் தூசிதான்.

விலை பேசும்போது பிள்ளையை வெளியே நிறுத்துங்கள். அதன் முகத்தைப் பார்த்தே விலை ஏறும்!